தோற்பதற்கும் பத்திரம் வேண்டும்

1

இந்த மாதத்தோடு நான் கென்யாவுக்கு வந்து பதினோரு வருடம் முடிகிறது. மலாக்காவிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது, "அங்க சிங்கம் வருமாலா?" அடுத்துக் கேட்பது, "அவனுங்க எப்படிலா அந்த ஓட்டம் ஓடுறானுங்க?" சிங்கத்தை நான் கூண்டில்கூடப் பார்த்ததில்லை. ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மலைமேல் இருக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. கேட்டுக்கு முன்னால் ஒரு செம்மண் சாலை போகிறது. காலை ஆறு மணிக்கு முப்பது நாற்பது பேர் கூட்டமாக ஓடி வருவார்கள். பேச்சு கிடையாது, காலணி மண்ணில் படும் சத்தம் மட்டும்தான். அவர்கள் தாண்டிப் போனதும் பின்தங்கிய பத்துப் பேர் வருவார்கள். அதற்கும் பின்னால் சீருடையோடு இரண்டு மூன்று பள்ளிப் பிள்ளைகள்.

இதைப் பார்ப்பதற்கென்றே வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். ஒருவர் எல்லாம் மலையின் உயரம் என்கிறார். இன்னொருவர் சோளமாவுக் களி என்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய் வருவதால்தான் என்கிறார் மூன்றாமவர். வறுமை, வேறு வழியில்லை, அதனால் ஓடுகிறார்கள் என்பவர்களும் உண்டு. நம் ஊரிலும் ஆண்டுக்கு ஒரு முறை யாராவது மேடை ஏறி, நம் இனத்தில் ஏன் ஓட்டக்காரர்கள் இல்லை என்று துண்டை உதறிக்கொண்டு பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். உயரத்தை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் எங்கள் மலாக்கா ரப்பர்த் தோட்டத்தில் வேண்டிய மட்டும் கிடந்தது. கஞ்சி இருந்தது, வறுமை இருந்தது, பள்ளிக்கூடம் தொலைவில் இருந்தது. ஓடுகிறவளும் இருந்தாள். அவள் பெயர் ஜெயமணி. என் தங்கை.

2

போன அக்டோபரில் ஜெயமணி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது, குருபோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பின்னால் கேன்டீன் சத்தம் கேட்டது.

"அண்ணே, பசியாறியாச்சா? நீ டிசம்பர் வர்றப்ப எனக்கு ஒரு நாள் ஒதுக்கணும். என் ஐசியில அந்த ஏ/எல்ல மாத்தப் போறேன். கம்பெனியில டிரெய்னிங்குன்னு பினாங்கு அனுப்பினானுங்க. ஓட்டல்ல ரூம் லிஸ்ட்ட பாத்தா ரெண்டு ஆம்பளைங்களோட என் பேரு! கவுண்டர் பையன் என்னைய மேலயும் கீழயும் பாக்குறான். போதும்லா சாமி. ஐசி மாத்துற பெஜபாட்ல போயி கேட்டேன். பொறந்தப்ப பாரம் எழுதினதுல நடந்த தப்புன்னு, எழுதினவங்க இல்லேன்னா வெவரம் தெரிஞ்ச மூத்தவங்க யாராச்சும் சூராட் சும்பா குடுக்கணுமாம். அப்பா இல்ல, அம்மா இல்ல, அந்தக் கிராணியும் செத்துட்டான். நீதான் இருக்கே. தேவசகாயம் கிராணி தப்பா எழுதிட்டாருன்னு லெட்டர் அடிக்கக் குடுத்துட்டேன். நீ வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் நம் ஆட்களின் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்றோ ஏ/பி என்றோ இருக்கும். அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரம்புவான் என்றால் மகள். என் தங்கை பிறந்ததிலிருந்து ஜெயமணி ஏ/எல் வீராசாமி. காகிதத்தில் அவள் வீராசாமியின் மகன். பிறப்புப் பத்திரத்தில் விழுந்த அந்த எழுத்து ஐசி என்ற அடையாளக் கார்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதை மாற்றத்தான் சூராட் சும்பா, அதாவது ஆணையர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திடும் கடிதம்.

பேச்சை மூன்று முறை கேட்டேன். அந்தப் பிறப்புப் பதிவுப் பாரத்தைக் கிராணி எழுதவில்லை. நான் எழுதினேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போன மனிதர்மேல் நான் பொய்ச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் என் தங்கையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் இருந்தது.

3

அவள் பிறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. புலாவ் செபாங்குக்கு உள்ளே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் தோட்டம். அங்கே யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பாரத்தை நிரப்பிக் கொடுப்பது கிராணி. தோட்ட ஆபீஸின் எழுத்தர் அவர். பெயர் தேவசகாயம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெள்ளைச் சட்டையில் போவார், மற்ற நாளில் எல்லோருக்கும் எல்லாம் எழுதிக் கொடுப்பார். எங்கள் அப்பா பால் மரம் வெட்டுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. "கிராணிகிட்ட குடுத்து எழுதி வாங்கியாடா" என்று பாரத்தை என் கையில் கொடுத்தார்.

ஆபீஸ் வாசலில் பெரிய வரிசை. எனக்கோ மலாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மாணவன் என்ற திமிர். இதற்குப் போய்க் கிராணி எதற்கு என்று வீட்டுக்குத் திரும்பினேன். என் பிறப்புப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து, அழகான எழுத்தில் நிரப்பினேன். ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் சரியாகத்தான் எழுதினேன். பெயர் எழுதும் இடத்தில் மட்டும், என் பத்திரத்தில் இருந்தது போலவே ஏ/எல் போட்டேன். தமிழர்கள் பெயருக்கு நடுவில் அரசாங்கம் போடச் சொல்லும் ஒரு குறி என்றுதான் அதை நினைத்திருந்தேன். அதற்கு ஆண், பெண் உண்டென்று யார் எனக்குச் சொன்னார்கள்?

"கிராணி எழுதிட்டாராடா?" என்றார் அப்பா. "எழுதிட்டாரு" என்றேன். அவர் அதை அலோர் காஜா பதிவு ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவரும் அப்படியே ஏற்றிவிட்டார்.

இங்கே கென்யாவில் என் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஏ/எல்லால் ஒரு கூத்து நடக்கும். அதை என் நடுப்பெயர் என்று நினைத்து "மிஸ்டர் ஆல்! மிஸ்டர் ஆல்!" என்று கூப்பிடுவார்கள். ஆனால் இந்த மலைக்காரர்களின் பெயர் முறையைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண் பிள்ளை என்றால் பெயர் பெரும்பாலும் கிப் என்று தொடங்கும், பெண் என்றால் செப். மாடு மேய்க்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரிகிறது. மலாயில் முதல் மார்க் வாங்கிய எனக்குத்தான் தெரியவில்லை.

4

ஜெயமணி ஓடத் தொடங்கியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காலையில் அப்பா பால் வெட்டும் இடத்துக்குப் பசியாறக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பள்ளி பஸ் வருவதற்குள் பெரிய சாலைக்கு வந்தாக வேண்டும். நடந்தால் பஸ் போய்விடும். அவ்வளவுதான். இடைநிலைப்பள்ளியில் முதல் வருடமே, செம்பனைக் காட்டையும் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தையும் சுற்றி ஓடும் போட்டியில் மூன்று வயது பெரிய பெண்களை எல்லாம் தாண்டி முதலில் வந்தாள். கிராப்புத் தலை, குச்சிக் கால்கள். சட்டையில் செம்மண்ணோடு வந்து, "அண்ணே, பின்னால திரும்பிப் பாத்தேன், ஒருத்தியும் இல்லலா!" என்று கத்தினாள்.

அப்பா மாறிப்போனார். எனக்குத் தொழிற்பள்ளி சான்றிதழ் கிடைத்தபோது "ம்" என்று மட்டும் சொன்னவர், இவளுடைய காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைந்தார். ஓரமாய் நின்று "விடாத மணி! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் கான்டிராக்டரிடம் வேலை. இருபத்தாறு வயதில் பதினான்கு வயதுத் தங்கைமேல் பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான்.

மாவட்ட அளவில் மூவாயிரம் மீட்டரில் ஜெயித்ததும் மாநிலத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். பிறப்புப் பத்திரத்தின் நகல் கேட்டார்கள். அங்கேதான் வேறொரு பள்ளியின் ஆள் பெயரைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தார். இது பையன், ஏ/எல் என்று எழுதியிருக்கிறது, அதனால்தான் இந்த ஓட்டம் ஓடுகிறான் என்று. ஜெயமணி என்ற பெயரும் இரண்டு பக்கமும் பொருந்துகிற பெயராய்ப் போனது. ஐசி எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படை, பெண் என்று அதுவே சொல்கிறது என்று எங்கள் பள்ளி ஆசிரியர் எவ்வளவோ வாதாடினார். எண் ஒன்று சொல்கிறது, பெயர் ஒன்று சொல்கிறது, எதை நம்புவது என்றார்கள். ஒன்று பத்திரத்தைத் திருத்திக்கொண்டு வா, இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிப் பெண்தான் என்று கடிதம் வாங்கி வா. ஒரு மாதம் தவணை.

டாக்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா கொதித்துவிட்டார். "எம்மவ பொம்பளையான்னு எவனோ பாத்துச் சொல்லணுமா? எவன் முன்னாலயும் எம்புள்ளைய அவுத்துக் காட்ட மாட்டேன்டா!" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆக, மிச்சம் இருந்த வழி பத்திரம்தான்.

5

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். தட்டில் சோறு, கருவாட்டுக் குழம்பு. கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். அதற்குள் அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார், கிராணி குடித்துவிட்டு எழுதினான், என் பிள்ளையின் காலை ஒடித்தான் என்று. அந்த மனிதருக்குக் குடிப் பழக்கமே கிடையாது.

"வீராசாமி, ஏசு மேல சத்தியமா அந்தப் பாரத்த நான் எழுதல" என்றார் கிராணி. "அது கெடக்கட்டும். நேத்து அலோர் காஜா போயி விசாரிச்சிட்டேன். பாரத்த எழுதினவங்க யாரோ அவங்க வந்து, தப்பா எழுதிட்டேன்னு சூராட் சும்பா குடுத்தா போதும். ரெண்டு வாரத்துல மாத்திக் குடுக்கறேன்னு சொல்றாங்க. புள்ள ஓடிரும்யா. யாரு எழுதினதுன்னு மட்டும் சொல்லு, திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீதான்யா எழுதின! நீயே போயி கையெழுத்துப் போடு!"

"செய்யாதத செஞ்சேன்னு எப்படி வீராசாமி சத்தியம் பண்றது? அது பாவம்லா."

"எம்புள்ளைய ஆம்பளயாக்கினது பாவமில்லயா? போய்யா வெளிய!"

ஜெயமணி கதவோரம் நின்றிருந்தாள். கிராணியின் வாயையும் அப்பாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ‘நான் எழுதினேன்’, இரண்டே வார்த்தை. அரசாங்கக் காகிதத்தில் கை வைத்ததற்குப் போலீஸ் வருமோ, வேலை போகுமோ என்று பயம். அப்பா என்ன செய்வார் என்றும் பயம். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதித் தொலைக்கிறேன். இவள் ஓடாவிட்டால் இந்த வீடு பழையபடி ஆகும் என்று ஓர் ஓரத்தில் எனக்குத் தோன்றியது.

கிராணி போய்விட்டார். அவர் சாகும்வரை எங்கள் அப்பா அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மாதம் கடந்தது. பள்ளியில் ஜெயமணியை ‘ஏ-எல்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கழிப்பறைக்குப் போனால்கூட, "ஓய், அந்தப் பக்கம் போ!" என்று சிரிப்பார்கள். ஒரு நாள் அவள் காலணியை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

6

என் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. இங்கேதான் வளர்ந்தாள். சுவாஹிலியில் கனவு காண்கிறாள், ஆங்கிலத்தில் சண்டை போடுகிறாள், தமிழில் அம்மாவிடம் சாப்பாடு மட்டும் கேட்கிறாள். போன நவம்பரில் ஒரு மாலை வந்து, "அப்பா, இன்னிக்கு ஸ்கூல்ல எல்லாரையும் ஓட்டினாங்க" என்றாள். ஓட வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும், ஓட்டினார்கள் என்றால் துரத்தினார்கள் என்று அர்த்தம் என்று திருத்தினேன். "சேம் திங்லா" என்றாள். அந்த ‘லா’ ஒன்றுதான் எங்களிடமிருந்து அவளுக்குப் போன சொத்து. அறுபது பேரில் ஐம்பத்தெட்டாவதாக வந்தாளாம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். வெட்கமே இல்லை.

அவளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள், சில நாடுகளில் மட்டும் ஏன் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அதிகம் என்று. "மலேசியாவுல நம்ம ஆளுங்க யாரும் ஓட மாட்டாங்களாப்பா?" என்று கேட்டாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "கிப்ரோனோ அங்கிளக் கேளு" என்றேன்.

கிப்ரோனோ என் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவன் அண்ணன் எட்டு வருடம் ஓடினவன். ஒரு பதக்கமும் இல்லை, இப்போது மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைக்கிறான். கிப்ரோனோவுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. "டிவியில் தெரியும் ஒருவனைப் பார்த்துவிட்டு எல்லோரும் காரணம் கேட்க வருகிறார்கள்" என்று யாழினியிடம் சொன்னான். "இந்தச் சாலையில் தோற்றவர்களை யாரும் எண்ணுவதில்லை. என் அண்ணன் மாதிரி வீட்டுக்கு ஒருவன் தோற்றிருக்கிறான். அத்தனை பேர் தோற்றால்தான் ஒருவன் ஜெயிப்பான். வேறு ரகசியம் இல்லை." அவன் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொன்னான்.

ஜெயமணி பெரிய வீராங்கனை ஆகியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. மாநிலத் தேர்விலேயே அவளைவிட வேகமான பெண் யாராவது வந்திருப்பாள், இவள் தோற்றிருப்பாள். பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும். இங்கே ஐம்பத்தெட்டாவதாக வருவதற்கும் ஒரு கோடு போட்டு, நம்பர் ஒட்டி, பெயரை எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் ஓடித் தோற்பதற்கே அவளிடம் பத்திரம் கேட்டோம். கேட்டது வேறு யாரோ என்று நான் கைகழுவ முடியாது. பத்திரத்தைக் கெடுத்தவனும் நான், திருத்த வழி வந்தபோது சோறு தின்றவனும் நான். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று விமானச் சீட்டு கைக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

7

டிசம்பரில் போனேன். சொல்ல மூன்று நாள் இருந்தது, மூன்று நாளும் சொல்லவில்லை. குருபோங் வீட்டில் அவள் தோசை சுட்டுப் போட்டாள், நான் தின்றேன். தைரியம் என்பது எனக்கு எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் வரும், அதுவும் பாதிதான் வரும்.

அலோர் காஜாவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆணையரின் ஆபீஸ். அங்கே எழுத்தர் வேலை பார்க்கும் மலாய்க்காரப் பெண் ஒருவர் அடித்து வைத்திருந்த கடிதத்தை நீட்டினார். தேவசகாயம் என்ற தோட்டக் கிராணி கவனக்குறைவால் தவறாக எழுதினார் என்று நான் சத்தியம் செய்வதாக இருந்தது. பேனாவை எடுத்தேன். செய்யாததைச் செய்ததாகச் சத்தியம் பண்ண முடியாது என்றுதானே அந்த மனிதர் அவமானப்பட்டுத் திரும்பிப் போனார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மலாயில் சொன்னேன், "சாயா யாங் துலிஸ்." நான்தான் எழுதினேன்.

ஜெயமணி சிரித்தாள். "என்னாண்ணே உளர்றே?"

"கிராணி எழுதல மணி. நான் எழுதினேன். ஆறாம் வகுப்புல."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடிதத்தை மாற்றி அடித்துக் கொண்டுவந்தார். ஜெயமணி அதை வாங்கிப் படித்தாள். திரும்பவும் மேலிருந்து படித்தாள்.

"கிராணி நம்ம வீட்டுக்கு வந்தாரே, அன்னிக்கு நீ உள்ளதானே இருந்தே?"

"இருந்தேன்."

"யாரு எழுதினதுன்னு மட்டும் சொல்லுன்னு கேட்டாரே. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டேன். ஆணையர் கையை உயர்த்தச் சொன்னார், உயர்த்தினேன். முத்திரை குத்தினார். அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

கீழே வெயிலில் நின்று, "திட்டிரு மணி" என்றேன். "சின்னப் புள்ளயில எழுதினது…"

"எழுதினத யாரு கேட்டா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அது தெரியாம செஞ்சது. நான் கேக்கறது அந்தச் சனிக்கெழமைய. நான் ஜெயிக்கணும்னு நெனைக்கலலா. போயி ஓடியிருப்பேன், தோத்திருப்பேன், அழுதுட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். எனக்கு முடியவே இல்ல."

வாடகைக் காரின் கதவைத் திறந்து, "ஏறும்மா, வீட்டுல விட்டுடறேன்" என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வேணாம்" என்றாள். "நீங்க போங்க. நான் பஸ்ஸுல போய்க்கறேன்."

அவள் பேச்சுப் பழகிய நாளிலிருந்து என்னை ‘நீங்க’ என்று சொன்னது அன்றுதான்.